போகும் தூரமும் வரும் தூரமும்

பலெர்மோ
3 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைத் தொலைபேசியில் கேட்டிருப்பேன். பொங்கலன்று நீங்கள் "இனி உன்னோடை ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் என்னை நீக்கினீர்கள். அந்தக் குழுவில் எனக்கு வந்தவை பெரும்பாலும் பெருங்காயத்தின் நன்மைகள் பற்றிய செய்திகள் என்பதால் இழப்புப் பெரிதில்லை. கடிதம் எழுதக்கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பாதியில் தொலைபேசியை வைத்ததால் நீங்கள் கேட்காத மீதி இது. எனக்கும் சூசைதாசனுக்கும் ஜூன் மாதம் எட்டாம் திகதி, சனிக்கிழமை, கலியாணம். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஊர் மன்னார். மனைவி இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் வயதான அம்மாவின், சிஞ்ஞோராவின், கட்டடத்தில் அவர்தான் போர்த்தியேரே, அதாவது வாசலில் இருந்து வருகிறவர் போகிறவரைப் பார்ப்பவர். வேதக்காரர், கிறிஸ்தவர். இதைச் சொன்ன இடத்தில்தான் நீங்கள் வைத்தீர்கள்.

காலையில் கொமூனேயில், அதாவது நகரசபையில், பதிவு. பிறகு ஒரு மண்டபத்தில் தாலியும் கூறையும் சாப்பாடும். அவருடைய கோயிலிலும் இல்லை, நம்முடைய கோயிலிலும் இல்லை. இரண்டு பக்கத்தாரும் சமமாகக் குறைப்படலாம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாப்பிள்ளை வாசலில் வந்து நிற்கும்போது பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று, காலுக்குத் தண்ணீர் வார்த்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே சகோதரன் நீங்கள். வந்து நில்லுங்கள்.

அண்ணியையும் பிள்ளை கேசிகாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். எழுதியும் காட்டலாம், நீங்கள் அவர்களோடும் கதைக்காமல் இருந்தால்.

அன்புடன்,
ஞானம்பிகை


ஸ்காபரோ, ரொறன்ரோ
25 பெப்ரவரி 2024

ஞானம்பிகைக்கு,

உன் 3ஆம் திகதிக் கடிதம் கிடைத்தது. உன்னோடு கதைப்பதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை. எழுதுவது கதைப்பதாகாது என்பதை நீயே எடுத்துக்காட்டியிருப்பதால் பதில் எழுதுகிறேன்.

முதலில் பயணம் பற்றி. நான் இணையத்தில் பார்த்தேன். ரொறன்ரோவுக்கும் பலெர்மோவுக்கும் இடையில் ஏழாயிரத்து முந்நூற்றெண்பத்தைந்து கிலோமீற்றர். நடுவில் அத்திலாந்திக் சமுத்திரம். குறைந்தது இரண்டு இடத்தில் விமானம் மாறவேண்டும். எனக்கு வயது அறுபத்தொன்று. சீனி வியாதி. முழங்கால் இரண்டும் நோ. இத்தனை தூரம் உட்கார்ந்து போனால் காலில் இரத்தம் கட்டும் என்று இங்கே ஒரு மருத்துவர் வானொலியில் சொன்னார். தவிர, ஜூன் மாதம் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்த இராப்போசனம். செயலாளர் இல்லாமல் அதை நடத்த முடியாது. பூகோளத்தின் மறுகரையில் ஒரு வைபவத்தை வைத்துவிட்டு "வந்து நில்லுங்கள்" என்று எழுதுவது பொறுப்பான செயலல்ல.

அடுத்து அந்த நபர் பற்றி. இருபது வருடமாக உனக்கு எத்தனை இடம் பார்த்தேன்? ஒன்றுக்குச் சாதகம் பொருந்தவில்லை, ஒன்றுக்கு ஊர் சரியில்லை, வுச்சீரியாச் சந்தையில் மீன் வெட்டியவனை நீயே வேண்டாமென்றிருப்பாய் என்று நினைத்து நான் உனக்குச் சொல்லவேயில்லை. இவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய பெயரை ஐம்பத்தொரு வயதில் ஒரு வாசற்காவலரிடம் கொடுப்பதா? சங்கத்தில் என்னைக் கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

நீ தனியே இருப்பதை நாங்கள் மறக்கவில்லை. கீழ் அறைக்குப் புதிய கம்பளம் போட்டிருக்கிறேன். யன்னலும் உண்டு. கதிரையில் ஏறினால் முற்றம் தெரியும். உன் அண்ணி யோகாம்பாளுக்கு இடுப்புச் சத்திரசிகிச்சை வரப்போகிறது. உன் சிஞ்ஞோராவின் காலம் முடிந்ததும் நீ இங்கே வந்து எங்களோடு இருக்கலாம் என்பது என் நீண்டநாள் திட்டம். சொந்த இரத்தத்தோடு இருப்பதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்?

யோசித்துப் பதில் எழுது.

இ. இராசரத்தினம்


பலெர்மோ
16 மார்ச் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

யோசித்தேன். பதில் எழுதுகிறேன்.

2012இல் கேசிகாவின் சாமத்திய வீட்டுக்கு ஆலாத்தி எடுக்க மாமி வேண்டும் என்று நீங்கள் கூப்பிட்டபோதும் இணையத்தில் பார்த்துத்தான் சொன்னீர்கள். "ஒன்பதே முக்கால் மணித்தியாலம், ஞானம். இஞ்சை ஏறி ஒரு நித்திரை கொண்டெழும்பினா அங்கை." அந்த வருடம் சமுத்திரம் இருக்கவில்லை. கிலோமீற்றரும் இருக்கவில்லை.

அந்த ஒன்பதே முக்கால் மணித்தியால விமானத்தை நான் எங்கள் விமான நிலையப் பலகையில் இன்றுவரை தேடுகிறேன். அந்த இணையப் பக்கத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு வளைத்துக் கீறி, கோட்டின் நீளத்தை வேகத்தால் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கோட்டில் ஆரும் பறப்பதில்லை. நான் றோமில் ஐந்து மணித்தியாலமும் பிராங்பேர்ட்டில் ஏழு மணித்தியாலமும் கதிரையில் இருந்தேன். உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது கால் வீங்கிச் செருப்புக் கழரவில்லை. அண்ணி என்னைப் பார்த்துச் சந்தோசப்பட்டு, "வந்தது நல்லதாப் போச்சு, முந்நூறு பேருக்குப் பலகாரம் சுடவேணும்" என்றா. ஆலாத்தி எடுத்தது இரண்டு நிமிடம். மற்ற பதினாறு நாளும் குசினி. நான் குறை சொல்லவில்லை. ரொறன்ரோ எப்படி இருந்தது என்று இங்கே கேட்டபோது, அடுப்பு நாலு என்று சொன்னேன்.

ஆகவே தூரத்தைப் பற்றி நான் கண்டுபிடித்தது இது: அதை ஆர் போகிறார் என்று தெரியாமல் அளக்க முடியாது.

அந்த நபர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பெயர் உண்டு, முதல் கடிதத்தில் எழுதினேன். எட்டு வருடம் நாங்கள் இருவரும் "லிப்ற் வேலை செய்யுதோ", "செய்யேல்லை" என்பதைத் தவிர ஒன்றும் கதைத்ததில்லை. போன வருடம் சிஞ்ஞோராவின் சக்கர நாற்காலியோடு நான் கீழே மாட்டிக்கொண்ட ஒரு நாள், அவர் வந்து சொன்னார்:

"திருத்திறவன் வர நேரமாகும். அதுக்கிடையிலை நான் ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

"உங்களுக்கு ஆரும் இருக்கினமோ?"

"ரொறன்ரோவிலை அண்ணா இருக்கிறார்."

"நான் அதைக் கேக்கேல்லை."

சிஞ்ஞோராவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, லிப்ற்றைத் திருத்த வேண்டாம் என்று இத்தாலியனில் சொன்னா.

சாதகம் பார்த்தீர்கள், ஊர் பார்த்தீர்கள், மீன் வெட்டியவனையும் பார்த்தீர்கள். இந்தக் கேள்வியை உங்களில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

கீழ் அறைக்கு நன்றி. கதிரையில் ஏறி முற்றம் பார்க்கிற வயதை நான் தாண்டிவிட்டேன். அண்ணிக்கு இடுப்புச் சுகமாக வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். பராமரிக்க ஆள் வேண்டுமென்றால் சம்பளத்துக்கு வைக்கலாம். என்னைப்போல நிறையப் பேர் அந்த வேலை செய்கிறோம், நன்றாகவே செய்கிறோம்.

ஜூன் எட்டு மாறாது. வாருங்கள்.

ஞானம்பிகை


ஸ்காபரோ
5 ஏப்ரல் 2024

ஞானம்பிகைக்கு,

உன் கடிதத்தின் தொனி வருந்தத்தக்கது. இருந்தாலும் மூத்தவன் என்ற முறையில் ஒரு சமரசத் திட்டம் வைக்கிறேன்.

கலியாணத்தைத் தடுக்க முடியாது என்று தெரிகிறது. அப்படியென்றால் அதை இங்கே வையுங்கள். கிழமை நாளில், மண்டபம் எடுக்காமல், ஐயர் ஒருவரோடு, எங்கள் வீட்டிலேயே முடித்துவிடலாம். அந்த நபர் அதற்கு முன் எங்கள் சமயத்துக்கு வந்தால் நல்லது, வராவிட்டால் வெளியே சொல்லாமல் இருந்தால் போதும். நான் தோழனாக நிற்பேன். முழங்கால் நோவுக்கும் இடைஞ்சலில்லை. பிறகு நீங்கள் இருவருமே கீழ் அறையில் இருக்கலாம். அவருக்கும் கட்டடங்களைப் பார்த்துப் பழக்கம் இருப்பதால் பனிக்காலத்தில் முற்றத்தைத் துப்புரவாக்க உதவியாக இருக்கும்.

பயணத்தைப் பற்றிக் கவலைப்படாதே. இத்துடன் இணையப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். பார்: ஒன்பதே முக்கால் மணித்தியாலம்தான்.

இதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டியபோது கேசிகா சிரித்தாள்.

"அப்பா, அங்கையிருந்து இஞ்சை வரேக்கை மட்டும் பூமி சுருங்குமோ?"

"காத்து அந்தப் பக்கமா அடிக்கும், பிள்ளை. அது உனக்கு விளங்காது."

"காத்து மற்றப் பக்கமாத்தான் அடிக்குது. நான் படிச்சது இதுதானே."

இருபத்துநாலு வயது. விமான எஞ்சின்களைப் பற்றிப் படித்துவிட்டாள் என்பதற்காகத் தகப்பனுக்குக் காற்றைப் பற்றிச் சொல்கிறாள். உன் கடிதங்களை அவள் கண்ணில் படும்படி வைத்தது என் பிழை. ஜூன் முதற்கிழமை வேலை அலுவலாக மொன்றியல் போகிறாளாம். நல்லது, வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

இது என் கடைசி வார்த்தை. இங்கே வைத்தால் நான் நிற்பேன். அங்கே வைத்தால் இந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். வாசலில் நிற்கத் தோழன் இல்லாத பெண் என்று நாலு பேர் சொல்வார்கள். அதை நீ தாங்குவாயா என்று யோசி.

இ. இராசரத்தினம்


பலெர்மோ
27 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாங்குவேன்.

உங்கள் திட்டத்தைச் சூசைதாசனுக்கு வாசித்துக் காட்டினேன். பனிக்காலத்தில் முற்றம் துப்புரவாக்குகிற இடம் வந்ததும், "அண்ணாவுக்கு என்னைப் பிடிச்சிருக்குப் போலை" என்றார். அவர் கேலி செய்கிறாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல விடுகிறாரில்லை. அது எனக்குத்தான் இடைஞ்சல்.

இத்துடன் கலியாண அழைப்பு. பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் படப்பிடிப்புக் கடை வைத்திருக்கும் றெஜியிடம் அடித்தது. அவன் திரையில் எழுத்தைக் கோத்துக்கொண்டு கேட்டான்:

"அக்கா, பெண் வீட்டார் பேர் எங்கை போடுறது?"

"நான்தான் பெண் வீட்டார்."

"அப்ப பெண்?"

"அதுவும் நான்தான்."

"அழைக்கிறது ஆரக்கா?"

"தம்பி, எத்தினை தரம் சொல்லுறது?"

பாவம், மூன்று இடத்திலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டு, பிழை வந்துவிட்டதோ என்று நாலு தரம் பார்த்தான். பிறகு சொன்னான், "அக்கா, இப்பிடி ஒரு கார்ட் நான் அடிச்சதில்லை." நானும் இப்படி ஒரு கார்டைக் கண்டதில்லை. பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணை ஆரோ ஆருக்கோ கொடுப்பதாக எழுதினால்தான் சிரிப்பு வந்திருக்கும்.

ரொறன்ரோவுக்கு வரமாட்டோம். கிழமை நாளில், ஆருக்கும் தெரியாமல், கம்பளம் போட்ட நிலக்கீழ் அறைக்கு மேலே, என் கலியாணம் நடக்காது. சனிக்கிழமை நடக்கும். மேளம் இருக்கும். மன்னாராரும் யாழ்ப்பாணத்தாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டு, சோற்றைப் பற்றி ஒரே குறையைச் சொல்வார்கள்.

தோழன் இல்லையென்றால் நானே எழும்பிப் போய்ச் செம்பைத் தூக்குவேன். தண்ணீருக்கு ஆர் வார்க்கிறார்கள் என்பது தெரியாது.

நீங்கள் வராததற்கு முழங்காலைக் காரணம் சொல்லாதீர்கள். கோபம் என்று சொல்லுங்கள். அதை நான் மதிப்பேன்.

ஞானம்பிகை


பலெர்மோ
11 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கலியாணம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கேசிகாதான் எழுதச் சொன்னாள். "நீங்களே எழுதுங்கோ மாமி, நான் சொன்னா அப்பா கூட்டம் கூட்டுவார்" என்றாள். ஓம், அவள் இங்கே வந்தாள். ஒழுங்காக எழுதுகிறேன், இருங்கள்.

காலையில் கொமூனேயில் பதிவுக்காரர் எங்கள் இரண்டு பெயரையும் வாசிக்க எடுத்த நேரம் சட்டத்தை வாசிக்க எடுத்த நேரத்தைவிட அதிகம். பிறகு மண்டபம். சூசைதாசன் வேட்டி சால்வையோடு வாசலில் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றார். பின்னால் அவருடைய கோயில் பங்கு ஆட்கள். உள்ளே நம்முடைய ஆட்கள். நடுவில் ஒருவருமில்லை.

அவருடைய பெரியப்பா மகன் அந்தோனிமுத்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நாங்கள் வேதக்காரர்தானே, காலைக் கழுவாமலே உள்ளை போவம்" என்றார்.

"இல்லை அண்ணை," என்றார் இவர். "அவவின்ரை முறையிலை அவவுக்கு நடக்கவேணும். நான் நிக்கிறன்."

நின்றார். மேளகாரர் அடித்ததையே திரும்ப அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மணவறையிலிருந்து எழும்பினேன். பக்கத்தில் துணைக்கு நின்ற விமலராணி அக்கா கையைப் பிடித்து, "பெண் எழும்பக் கூடாதடி, இரு" என்றா. "அப்ப நீங்கள் போய்த் தண்ணி வார்த்துவிடுங்கோ" என்றேன். கையை விட்டா. கூறைச் சேலையைத் தூக்கிக்கொண்டு, செம்பையும் எடுத்துக்கொண்டு, இருநூறு பேர் பார்க்க நடந்தேன். அண்ணா, அந்த நடையில் எனக்கு வெட்கம் வரவேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன். வரவில்லை.

வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு டாக்சி வந்து நின்றது. கசங்கிய காற்சட்டை, முதுகில் பை, தலை நாலு பக்கமும் நிற்க, உங்கள் மகள் இறங்கினாள். றோமில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, இராமுழுக்க நிலத்தில் இருந்து வந்திருக்கிறாள்.

"தாங்கோ மாமி. இது எங்கடை வீட்டு வேலை."

அந்தோனிமுத்து குறுக்கே வந்தார். "தங்கச்சி, தோழன் எண்டா ஆம்பிளை. பெண்ணின்ரை சகோதரன் செய்யிறது."

"நான் அவரின்ரை மகள்."

"அவர் அனுப்பினவரோ?"

"இல்லை. அவர் வந்திருக்க வேணும்."

"அப்பிடி ஒரு முறை இல்லையே, பிள்ளை."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ அங்கிள். நான் வார்க்கிறன், நீங்கள் முறை இல்லையெண்டு சொல்லிக்கொண்டு நில்லுங்கோ. ரெண்டும் நடக்கட்டும்."

சூசைதாசன் காலை நீட்டினார். அவள் தண்ணீரை வார்த்தாள். கொஞ்சம் அந்தோனிமுத்துவின் சப்பாத்திலும் பட்டது. தெரிந்தா தெரியாமலா என்று நான் கேட்கவில்லை. பிறகு சூசைதாசன் வழக்கப்படி தோழனுக்கு மோதிரம் போட்டார். அவளுடைய ஒரு விரலுக்கும் அது நிற்கவில்லை. பெருவிரலில் போட்டுக்கொண்டாள். அது உங்களுக்கு வாங்கின மோதிரம், அண்ணா. உங்கள் விரல் அளவு தெரியாமல், தன் விரலில் அளந்து வாங்கினார். வேலை செய்த கைதானே, ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்றார். நீங்கள் வரமாட்டீர்கள் என்று நான் சொல்லிச் சொல்லியும் வாங்கினார்.

அவள் உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. மொன்றியலுக்குப் போனது உண்மை. அங்கே விமானம் மாறினாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கமாட்டாள். அவளை ஏசுவதென்றால் ஏசுங்கள், ஆனால் முதலில் சாப்பாடு கொடுத்துவிட்டு ஏசுங்கள்.

ஞானம்பிகை சூசைதாசன்


ஸ்காபரோ
2 ஜூலை 2024

தங்கச்சி ஞானத்துக்கு,

உன் கடிதம் வருவதற்கு இரண்டு கிழமை முன்பே கேசிகா வந்துவிட்டாள். பெருவிரலில் ஆண்பிள்ளையின் மோதிரம். ஆர் தந்தது என்று கேட்டால், "சொந்தக்காரர்" என்கிறாள். யோகாம்பாள் யாரோ ஒரு பெடியன் என்று முடிவுகட்டி, மொன்றியலில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் தொலைபேசி எடுத்து, அங்கே கலியாணமாகாத தமிழ்ப் பெடியன்கள் எல்லாரையும் விசாரித்து முடித்த பிறகுதான் உன் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

முழங்கால் நோ உண்மை. கோபமும் உண்மை. நீ கேட்டபடி இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறேன்.

கேசிகா கோப்பை கழுவும்போது மோதிரத்தைக் கழற்றிக் குழாயடியில் வைத்திருந்தாள். அளவு பார்ப்பதற்காக மட்டும் போட்டுப் பார்த்தேன். போகும்போது போனது. வரும்போது விரல் மொளி விடவில்லை. சவர்க்காரம் போட்டோம், எண்ணெய் போட்டோம், ஐஸ் வைத்தோம். யோகாம்பாள் இழுத்தாள், கேசிகா படம் எடுத்தாள்.

அன்று மாலைதான் சங்கத்தின் இராப்போசனம். கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். நன்றியுரையைக் கையில் பிடித்து வாசிக்க வேண்டியிருந்தது. தாளை எடுத்த உடனேயே, மேசையில் வைத்துத் தலைவர் கேட்டார்.

"என்ன செயலாளர், புது மோதிரம்?"

"தங்கச்சியின்ரை கலியாணம். தோழனுக்குப் போட்டது."

"எப்ப? எங்கை? எங்களுக்குச் சொல்லேல்லை!"

"பலெர்மோவிலை. இந்த மாதம் எட்டாந் திகதி."

"மாப்பிள்ளை ஆர்?"

மேசையில் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"சூசைதாசன்," என்றேன். "மன்னார். அங்கை ஒரு கட்டடத்திலை போர்த்தியேரேயா இருக்கிறார்."

"வேதக்காரரோ?"

"ஓம். அதுக்கென்ன?"

எட்டுப் பேரும் கரண்டியைத் திரும்ப எடுத்தார்கள். நான் நன்றியுரையை வாசித்தேன்.

அடுத்த நாள் நகைக்கடைக்குப் போனேன். வெட்டித்தான் எடுக்கலாம் என்றார்கள். வெட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே.

அண்ணா